சுற்றுக்கு நான்கு விநாடி

காரிலிருந்து இறங்கியதும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, முதலாளி கேட்பது ஒரே கேள்விதான். "எவ்வளவு?"

எத்தனையாவது இடம் என்பதல்ல அது. கார் முழுசாக இருக்கிறதா என்பதும் அல்ல. தம்பியைவிட ஒரு சுற்றுக்கு அவர் எவ்வளவு பின்தங்கினார் என்பதுதான் அந்த "எவ்வளவு". தம்பி என்பவர் சம்பளத்துக்கு ஓட்டும் தொழில்முறை ஓட்டுநர். வயது முப்பத்து நான்கு. முதலாளி தம்பி என்று கூப்பிட்டதால் அணியில் எல்லோருக்கும் தம்பி ஆனவர். ஒரே காரை இருவரும் பங்கு போட்டு ஓட்டுவார்கள். முதல் பாதி முதலாளி, மறு பாதி தம்பி. முதலாளி தொலைத்த இடங்களைத் தம்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவருவார். மேடை ஏறும் யோகம் வாய்த்தால் கோப்பையை முதலாளி வாங்கிக்கொள்வார்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு தாளில் வரும். தாளைத் தயாரிப்பவளை அணியில் டேட்டா என்று கூப்பிட்டார்கள். இயற்பியல் படித்தவள். அதிகம் பேசாதவள். காரில் நூற்றுச்சொச்சம் உணரிகள் இருந்தன. பிரேக்கை எப்போது மிதித்தார், ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினார், ஸ்டீயரிங்கை எத்தனை டிகிரி திருப்பினார் என்று விநாடிக்கு நூறு முறை அவை எழுதிவைக்கும். எழுதியதை வாசிப்பது அவள் வேலை. ஆகையால் முதலாளி கார் ஓட்டும் லட்சணம் வேறு யாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தம்பி தொண்ணூறு மீட்டர் பலகையில் பிரேக் பிடிக்கும் வளைவுக்கு முதலாளி நூற்று எழுபதில் பிடிப்பார். பிடித்ததும் பயந்துபோய் விட்டுவிடுவார். விட்டதும் அதைவிடப் பயந்து மறுபடி பிடிப்பார். வளைவின் நடுவில் ஒரு காலால் பிரேக்கையும் மறு காலால் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிப்பார், இரண்டில் எது ஜெயிக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டவர்போல. பிறகு ரேடியோவில், "கார் திரும்பவே மாட்டேங்குது" என்று புகார் சொல்வார்.

இப்படிச் சுற்றுக்கு நான்கு விநாடி. வீட்டில் நான்கு விநாடி என்பது செருப்பு மாட்டும் நேரம். பந்தயத்தில் இருபத்தேழு சுற்று ஓடினால் ஒரு முழுச் சுற்றே போய்விடும்.

தாளில் மட்டும் அது நான்காக இருக்காது.

இதற்குக் காரணம் அணியின் மேலாளர். முதலாளியின் மனைவியோடு பிறந்தவர். முதலாளி அவரை மச்சான் என்பார். மற்றவர்கள் மரியாதைக்கு ஒரு சார் சேர்த்து மச்சான் சார் என்றார்கள். டைல்ஸ் தொழிற்சாலை மாமனாருடையது. அதை மருமகனான முதலாளி நடத்தினார். மகன் நடத்தினால் என்ன ஆகும் என்பதை மாமனார் ஆறு மாதம் பார்த்துவிட்டு, மகனைப் பந்தய அணிக்கு மேலாளராக அனுப்பிவிட்டார். இங்கே உடைந்தால் கார்தானே உடையும்.

பருவத்தின் முதல் பந்தயம் முடிந்தபோது மச்சான் சார் அவள் மேஜைக்கு வந்து குனிந்தார்.

"கொஞ்சம் பாத்துப் போடும்மா."

"பொய் எழுதச் சொல்றீங்களா சார்?"

"சேச்சே, பொய் எதுக்கு? ரெண்டு பேரும் அத்தனை சுத்து ஓடியிருக்காங்க. எந்தச் சுத்த எது பக்கத்துல வெச்சா நல்லா இருக்கும்னு உனக்குத் தெரியாதா? படிச்ச பொண்ணு நீ."

படித்த பெண்ணுக்குத் தெரிந்தது. முதலாளியின் மிகச் சிறந்த சுற்றை எடுத்தாள். புது டயர், காலியாகப்போகும் டேங்க், முன்னால் போன காரின் காற்று மறைவில் நேர்ச்சாலை முழுக்க இழுபட்டுப் போன சுற்று அது. அதன் பக்கத்தில் தம்பியின் சராசரியை வைத்தாள். அதில் தேய்ந்த டயரும் நிறைந்த டேங்கும் மெதுவான கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சுற்றுகளும் சேர்த்தி. வித்தியாசம் 0.9. கட்டத்துக்குப் பச்சை நிறம் பூசினாள். ஒவ்வொரு எண்ணும் உண்மை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் பொய்.

அவளுக்கு அதில் பெரிய உறுத்தல் இல்லை. கோடு கோடாக வரைபடம் காட்டினால் அந்த மனிதருக்குத் தலை சுற்றும், நிறம் பூசிய நாலு கட்டம் போதும் என்று நினைத்தாள். தவிரவும், முகத்துக்கு நேரே நாலு என்று சொல்வதைவிடத் தாளில் 0.9 என்று எழுதுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

ஆறு நாடுகள், ஆறு தடங்கள் என்று அந்தப் பருவம் நகர்ந்தது. முதல் பந்தயத்தில், இன்னும் பந்தயமே தொடங்காத அணிவகுப்புச் சுற்றில், முதலாளி காரைத் தட்டாமாலை சுற்றவிட்டார். இரண்டாவதில், டயர் மாற்ற உள்ளே வந்தவர் பக்கத்து அணியின் இடத்தில் நிறுத்திவிட்டு, "ஏன் எல்லாரும் சும்மா நிக்கறீங்க?" என்று ரேடியோவில் கத்தினார். மூன்றாவதில் மழை. மழை தனக்கு ராசி என்று சொல்லிவிட்டுப் போனவரைச் சரளைக் குழியிலிருந்து கிரேன் வைத்துத் தூக்கினார்கள். நான்காவதில், டயர் மாற்ற ஒதுங்கும், மணிக்கு அறுபதைத் தாண்டக்கூடாத பிட் பாதையில் எழுபத்து மூன்றில் போய் அபராதம் வாங்கினார். அவர் வேக வரம்பை மீறிய ஒரே இடம் அதுதான்.

எல்லாவற்றுக்கும் அணியில் ஒரே விளக்கம் இருந்தது: டிராஃபிக். மெதுவான சுற்றா, டிராஃபிக். தப்பான கியரா, டிராஃபிக். ஒருமுறை தடத்தில் தன்னந்தனியாக அவர் மட்டும் ஓடிய காலைப் பயிற்சிக்கும் மச்சான் சார் டிராஃபிக் என்றார். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி ஆமோதித்துத் தலையாட்டினார்.

ஐந்தாவது பந்தயத்தில் முன்னால் போன இரண்டு கார்கள் கடைசிச் சுற்றில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன. அணிக்கு மூன்றாம் இடம். முதலாளி மேடையில் நின்று பாட்டிலைக் குலுக்கித் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை காலை பட்டறையில் எல்லோரையும் கூட்டினார். கையில் ஐந்து தாள்களின் நகல்கள்.

"எல்லா ஷீட்டையும் வரிசையா வெச்சுப் பாத்தேன். 0.9, 0.8, 0.8, 0.7, 0.6. எங்க போகுது பாத்தீங்களா?"

எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் வெள்ளிக்கு எழுதிப் போடப்போறேன்" என்றார் முதலாளி.

அந்த உலகத்தில் ஓட்டுநர்களுக்குத் தரம் பிரிப்பார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம். இவை பரிசுகள் அல்ல. ஆளின் வேகத்தைப் பார்த்து நெற்றியில் ஒட்டும் சீட்டு. வெண்கலம் என்றால், பிழைப்புக்கு வேறு தொழில் வைத்திருப்பவர், ஆசைக்கு ஓட்டுபவர் என்று நாகரிகமாகச் சொல்வது. இவர்கள் ஓடிய பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கலம் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. அதனால் வேகமான ஆசாமிகள் எல்லாம் வெள்ளியிலிருந்து வெண்கலத்துக்கு இறக்கச் சொல்லி வக்கீல் வைத்து மன்றாடினார்கள். இயற்கையாகவே மெதுவான, கலப்படமில்லாத வெண்கலம் ஒன்றைக் கையில் வைத்திருந்த அணி இது ஒன்றுதான். அந்த வெண்கலம்தான் இப்போது மேலே ஏற ஆசைப்பட்டது.

இறங்கக் கேட்பவனைத் தரக் குழு துருவித் துருவி விசாரிக்கும். ஏறக் கேட்பவனைத் தடுக்க அதற்கு ஒரு காரணமும் கிடையாது. அணியின் டேட்டா பொறியாளர் கையெழுத்துப் போட்ட ஒப்பீட்டுத் தாள் ஒன்றை இணைத்தால் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

முதலாளி போனபிறகு பட்டறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள்: மச்சான் சார், அவள், மெக்கானிக்குகளுக்குத் தலைவரான மேஸ்திரி. அணியிடம் இருந்தது ஒரு கார், ஒரு பிரிவு, ஒரு வெண்கலம். வெண்கலம் போனால் அடுத்த வருஷம் அந்தப் பிரிவில் கார் இறங்காது. கார் இறங்காவிட்டால் பதினான்கு பேருக்கு வேலை இல்லை. அவளுக்கு அதற்கு மேலும் ஒன்று போகும். பிட் சுவரில் உட்கார்ந்து ஹெட்செட் மாட்டி ஓட்டுநரோடு பேசும் பொறியாளர் இந்தப் பருவத்தோடு விலகுகிறார். அந்த ஸ்டூல் அடுத்த வருஷம் அவளுக்கு என்று மச்சான் சார் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வருஷமாக அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவள் அவள். ஆனால் ரேடியோவில் முகம் தெரியாது. குரல் மட்டும் போகும். அங்கே தன்னால் பேச முடியும் என்று அவள் நம்பினாள்.

"அஞ்சு ரேஸா அவருக்குக் கண்ணாடியக் காட்டாம போட்டோவக் காட்டினோம்" என்றார் மேஸ்திரி, கையைத் துணியில் துடைத்தபடி. "இப்ப மனுஷன் சினிமாவுல நடிக்கப் போறேங்கறாரு."

"நீங்க வேற, மேஸ்திரி" என்றார் மச்சான் சார். "ஏம்மா, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடேன்."

"அஞ்சு ரேஸுக்குமா சார்?"

"கம்ப்யூட்டர்தானே, கெடாதா?"

"நீங்களே உண்மையச் சொல்லிடலாமே சார். உங்க அக்கா வீட்டுக்காரர்தானே?"

"அதனாலதாம்மா முடியல. மாமா முகம் சுருங்கிடுச்சுன்னா அக்கா ஒரு மாசம் எனக்கு போன் எடுக்க மாட்டா. அப்பா எடுத்து ரெண்டு மாசம் திட்டுவாரு."

முப்பத்தொன்பது வயது ஆள். அணியின் மேலாளர். பதினான்கு குடும்பத்தின் சோறு இந்த மனிதரின் அக்கா போன் எடுப்பதில் தொங்குகிறது என்பதை அவள் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்குத் தோன்றிய வழி, பேசத் தெரியாதவளுக்குத் தோன்றக்கூடிய வழி. வியாழக்கிழமை கடைசிப் பந்தயத் தடத்தில் சோதனை நாள். இருவருக்கும் ஒரே டயர், ஒரே அளவு பெட்ரோல், ஆளுக்கு ஆறு சுற்று, ஒருவர் பின் ஒருவராக. நேரம் பெரிய திரையில் தானாக வரும். அவரே பார்த்துக்கொள்ளட்டும். யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்கு இது பலம் சேர்க்கும் என்று மச்சான் சார் முதலாளியிடம் சொல்ல, முதலாளி மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

புதன்கிழமை பிரயாணத்தின் நடுவில் அவள் தன் அக்காவுக்கு போன் செய்தாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீ ஸ்கூல்லயே அப்படித்தானடி. பக்கத்து பெஞ்சுக்காரிக்குக் கணக்கெல்லாம் போட்டுக் குடுப்ப. அவ ஃபர்ஸ்ட் வந்ததும் வீட்டுக்கு வந்து மூக்கச் சிந்துவ."

"இது வேறக்கா."

"என்ன வேற? அவ ரெட்டை ஜடை, இவர் ஹெல்மெட். அவ்வளவுதான்."

வியாழன் காலை வெயில் இருந்தது, காற்று இல்லை. முதலாளி தன் பெயரும் ரத்த வகையும் தங்க நூலில் தைத்த உடையில் வந்தார். ஆறு சுற்று ஓட்டினார். சிறந்த சுற்று ஒரு நிமிஷம் ஐம்பத்தொன்று புள்ளி நாலு. அவளுக்கு உள்ளூர நிம்மதி. இந்தத் தடத்தில் போன வருஷம் தம்பி ஓட்டியது ஒரு நிமிஷம் நாற்பத்தேழு. இன்னும் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

டயர் மாற்றினார்கள். மேஸ்திரி பெட்ரோலை லிட்டர் கணக்காக அளந்து ஊற்றினார். தம்பி போனார். முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு திரை முன்னால் நின்றார்.

முதல் சுற்று, ஐம்பத்திரண்டு. சூடு ஏறட்டும் என்று அவள் நினைத்தாள். இரண்டாவது, ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. மூன்றாவது, ஐம்பத்தொன்று. ஆறு சுற்றும் முடிந்தபோது தம்பியின் சிறந்த நேரம் ஒரு நிமிஷம் ஐம்பது புள்ளி எட்டு.

"0.6!" என்றார் முதலாளி. "அதே 0.6! ஷீட்ல இருக்கறதுதான்! பாத்தியா மச்சான், ஒரு பாயின்ட் கூட மாறல!"

காரிலிருந்து இறங்கிய தம்பியை அவர் கட்டிப்பிடித்தார். "உங்களத் துரத்திப் பிடிக்கறது பெரும்பாடு சார்" என்றார் தம்பி, மூச்சு வாங்கி. அந்த மூச்சு வாங்கலைக்கூட அவர் அளவோடுதான் வாங்கினார்.

அவள் லேப்டாப்பில் கோடுகளைத் திறந்தாள். ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. அணியின் லாரிக்குப் பின்னால் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த தம்பியிடம் போனாள்.

"நேர் ரோட்டுல கால எடுத்திருக்கீங்க."

"காத்து அடிச்சுது."

"காத்து ஆக்சிலேட்டர்லயா அடிச்சுது?"

தம்பி தோலை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "இதோ பாரு டேட்டா. பத்து வருஷத்துல இந்த மாதிரி ஏழு முதலாளிங்களோட ஓட்டிட்டேன். அவங்க கண்ணு முன்னாடி நாலு செகண்ட் போட்டா அடுத்த வருஷம் போன் வராது. போன் வரலன்னா என் பொண்டாட்டிக்கு நீ பதில் சொல்வியா?"

"அவர் வெள்ளி ஆயிட்டா இங்க உங்களுக்கே கார் இல்லையே."

"வேற இடத்துல இருக்கும். இந்த ஆளோட ஓட்டினா வெண்கலம்கூட வெள்ளியாகுதுன்னு நாலு முதலாளிங்க பேசினா, இன்னும் நல்லாவே இருக்கும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "தவிர, நானா பண்ணல. காலைல உங்க மச்சான் சார்தான் வந்து, 'மாமா மனசு நோகாம பாத்துக்கங்க தம்பி'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

அவள் மச்சான் சாரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆமாம்மா, சொல்லிட்டேன். ஒவ்வொரு ரேஸ் காலையும் அவர்கிட்ட அதச் சொல்றது வழக்கம். இன்னிக்குச் சொல்லக்கூடாதுன்னு ஞாபகமே இல்ல."

இந்த மூன்று ஆண்களையும் ஒரே தராசில் வைத்தால் யார் பக்கம் தாழும் என்று அவள் யோசித்தாள். முடிவுக்கு வர முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். லாரியின் முன்பகுதியில் ஒரு கூட்ட அறை உண்டு. நாலு நாற்காலி, ஒரு காபி மெஷின், சுவரில் அவர் பாட்டிலை ஊற்றிக்கொள்ளும் படம். மேஜைமேல் பூர்த்தி செய்த விண்ணப்பம். கையெழுத்து இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. மச்சான் சார் ஓரத்தில் நின்று நகத்தைக் கடித்தார்.

"போடும்மா" என்றார் முதலாளி பேனாவை நீட்டி. "உன் பேரும் இதுல வருது. சந்தோஷம்தானே?"

போட்டால் ஸ்டூல் போகும். போடமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். ஐந்து தாளும் தன் வேலை என்று சொல்லவேண்டும். அப்போதும் ஸ்டூல் போகும். எப்படிக் கூட்டினாலும் விடை ஒன்றுதான். பேனாவை வாங்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

திரையில் இரண்டு கோடுகள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"இது என்ன?"

"தம்பி சார் ஆக்சிலேட்டர மிதிச்சது சார். நீலம் போன வருஷம், இதே தடத்துல. சிவப்பு நேத்து."

மச்சான் சார் இருமினார். முதலாளி சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் விளக்க ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தாள். எக்ஸ் அச்சு தூரம், ஒய் அச்சு சதவிகிதம் என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் மனசுக்குள் வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள்.

முதலாளியின் விரல் திரையைத் தொட்டது.

"இங்க எடுத்திருக்கான்." விரல் நகர்ந்தது. "இங்க எடுத்திருக்கான். இங்க பாதி. இங்க தேவையே இல்லாம முன்னாடியே விட்டிருக்கான். வளைவுல மட்டும் ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது, ஏன்னா கையில இருக்கற வித்தைய மறைக்க முடியல." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "என்ன பாக்கற? எங்க சூளைல நைட் ஷிஃப்ட்காரன் தூங்கினானா இல்லையான்னு வெப்பநிலைக் கோட்ட வெச்சுத்தான் கண்டுபிடிப்பேன். இருபது வருஷமா தினம் காலைல அதான் எனக்கு பேப்பர்."

கலர் கட்டம் போதும் என்று ஐந்து பந்தயமாக அவள் நினைத்துக்கொண்டிருந்த ஆள் இவர்.

"மச்சான், நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார் முதலாளி. மச்சான் சார் உயிர் பிழைத்தவர்போல ஓடினார்.

"என் கோடு எங்க?"

காட்டினாள். அதை அவர் வெகுநேரம் பார்த்தார். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒன்றாக மிதிபட்ட இடங்களில் விரல் நின்று நின்று போனது. காபி மெஷின் தன்பாட்டுக்குச் சீறி ஓய்ந்தது.

"எவ்வளவு?"

"நாலு சார்" என்றாள். "சில சுத்துல நாலரை."

"முதல் ரேஸ்லயும் நாலா?"

"அப்ப அஞ்சு."

"அப்படின்னா ஒரு செகண்ட் முன்னேறியிருக்கேன்." அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. "நிஜமா?"

"நிஜமா சார். ஒரு முழு செகண்ட்."

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பருவத்தில் ஒரு விநாடி என்பது சாதாரணம் அல்ல. அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. 0.9 என்று பொய் சொல்லிவிட்டதால் சொல்ல வழியில்லாமல் போயிற்று. அந்த ஒரு கணம் அவளுக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. இதோ, தாள்களைக் கிழிப்பார், தன்னைத் திட்டுவார், திட்டட்டும், அதற்குத் தான் தகுதிதான் என்று காத்திருந்தாள்.

முதலாளி விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஹெட்செட் அடுத்த வருஷம் உனக்குத்தான். காதுல ஒரு ஆளாவது நிஜத்தச் சொல்லணும். இந்தக் கோட்ட ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் எனக்குத் தனியா காமி."

"சரி சார்."

"அந்தத் தாளையும் போடு."

"எந்தத் தாள் சார்?"

"பச்சைத் தாள்தான். மாமனார் வீட்டு ஹால்ல அஞ்சையும் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காரு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டறாரு. ஞாயித்துக்கிழமை ரேஸ் முடிஞ்சதும் ஆறாவது எங்கன்னு கேப்பாரு. நாலு செகண்டக் கொண்டுபோய் ஆணி அடிச்சு மாட்டச் சொல்றியா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் வளைஞ்ச டைல்ஸும் முதல் தரப் பெட்டிலதாம்மா போகும். சுவத்துல ஒட்டினப்புறம் யாரு ஸ்கேல் வெச்சுப் பாக்கறா? ஆறாவதுக்கு 0.6 போடு. அதுக்குக் கீழ வேண்டாம், நம்ப மாட்டாரு."

"தம்பி சார்கிட்ட..."

"நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிடாத. அவன் பாட்டுக்குப் பேசட்டும். கேக்க நல்லாத்தானே இருக்கு?"

இத்தனை மாதமாக அவள் ஒரு முட்டாளை இளக்காரமாகப் பார்த்துவந்தாள். முட்டாளை மன்னிக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்தவரோ அவளைவிட வேகமாகக் கோடு படிக்கத் தெரிந்தவர். அவரை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டது எல்லாம் கிடைத்திருந்தது: பதினான்கு பேர் வேலை, சுவரோரத்து ஸ்டூல், ஹெட்செட். மாட்டேன் என்று சொல்லும் இடம் இதுதான் என்றும் தெரிந்தது. "சரி சார்" என்ற சொல் அதற்குள் வாயிலிருந்து போய்விட்டிருந்தது.

முதலாளி எழுந்து கதவைத் திறந்தார். வெளியே தடத்துக் கொட்டகையில் கார் ஜாக்கி மேல் நின்றது. அணி மொத்தமும் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் மச்சான் சார், பக்கத்தில் தம்பி, கையில் ஸ்பேனரோடு மேஸ்திரி.

"மாமா, கையெழுத்து ஆச்சா?"

முதலாளி படியில் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த விண்ணப்பத்த நான் அனுப்பப்போறதில்ல" என்றார். "டேட்டா எல்லாக் கணக்கையும் எடுத்து வெச்சு எனக்குப் புரியவெச்சாங்க. நான் வெள்ளிக்குப் போயிட்டா இந்தப் பிரிவுல நம்ம கார் இறங்காது. உங்க பதினாலு பேர் கதி என்ன ஆகும்? எனக்கு வேகம் முக்கியமா, என்னை நம்பி வந்தவங்க முக்கியமா?" குரல் தழுதழுத்தது, அது நடிப்பா என்பது பக்கத்தில் நின்ற அவளுக்கும் தெரியவில்லை. "தரம் கெடக்கட்டும். உங்களுக்காக நான் வெண்கலமாவே இருந்துடறேன்."

மச்சான் சார்தான் முதலில் கை தட்டினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. தம்பி, "இந்த மனசு யாருக்கு சார் வரும்?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தட்டினார். மேஸ்திரி ஸ்பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். கொட்டகை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. முதலாளி தலையை ஒருபக்கமாகச் சாய்த்து அதை வாங்கிக்கொண்டார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார்.

அவள் இரண்டு கையிலும் லேப்டாப்பைப் பிடித்திருந்தாள். அதைப் படியில் கீழே வைத்துவிட்டு, அவளும் தட்டினாள்.